மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு

என் வீட்டுக்காரர் ஒரு தீர்மானம் எடுத்தார். அவர் தீர்மானம் எடுத்தால் எனக்கு இரண்டு வேலை கூடும். இந்தத் தடவை அது பின்பக்கக் குளியலறை வாசலில், கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு எடுக்கப்பட்டது.

"இதுதான் கடைசி. இனிமே இந்த வீட்டுக்குள்ள நாய்க்குட்டின்னு ஒண்ணு வரக் கூடாது. வந்தாலும் நான் அது பக்கம் திரும்பக்கூட மாட்டேன்."

"சரிங்க. திரும்பாமலே அந்தப் பழைய துண்டை எடுத்துக் குடுங்க."

துண்டு வந்தது. துண்டோடு அவரும் வந்தார். துண்டுக்குள் போட வேண்டிய பொருளைப் பார்த்ததும் கைக்குட்டை மூக்கிலிருந்து தானாக இறங்கியது.

குட்டிக்கு வயது ஆறு வாரம் இருக்கும். குப்பை லாரிக்காரர்கள் ஒரு தொட்டிக்குப் பின்னால் கண்டெடுத்து, கால்நடை டாக்டரம்மாவிடம் கொடுத்தார்கள். டாக்டரம்மா என்னிடம் கொடுத்தார். பிழிந்து போட்ட தரைத்துணிக்கு இரண்டு காது தைத்த மாதிரி இருந்தது. பார்வோ என்று ஒரு வியாதி. வாந்தி, ரத்தமாகப் பேதி, நான்கு நாளில் முடிந்துவிடும். முடிவது வியாதியா குட்டியா என்பதுதான் கேள்வி. மற்றக் குட்டிகளுக்குத் தொற்றிவிடும் என்பதால் ஆஸ்பத்திரியில் இரவு வைத்துக்கொள்ள மாட்டார்கள். பகலில் அங்கே டிரிப்ஸ், சாயந்தரம் எங்கள் குளியலறை. இதற்கு முன் மூன்று குட்டிகளை இப்படித் தேற்றி, நல்ல வீடுகளுக்கு அனுப்பியிருக்கிறேன். எனக்கு ஒரே சட்டம்தான்: பேர் வைக்கக் கூடாது. பேர் வைத்தால் போச்சு, அப்புறம் அனுப்ப மனசு வராது.

இங்கே என் வீட்டுக்காரரின் உத்தியோகத்தைச் சொல்லியாக வேண்டும். அவர் எடையளவு ஆய்வாளர். கடை கடையாகப் போய்த் தராசைச் சோதித்து, முத்திரை குத்துவார். பித்தலாட்டம் இருந்தால் தராசைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். வீட்டிலும் அதே கண்தான். பால் பாக்கெட்டைக் கையில் ஏந்தி, எட்டு கிராம் குறைகிறது என்பார். கல்யாணமான புதிதில் என்னையும் ஒருமுறை தூக்கிப் பார்த்தார். எடையைச் சொல்லாமல் இறக்கிவிட்டார். அந்த ஒரு விவேகத்தால்தான் இருபத்துநாலு வருடமாகக் குடும்பம் ஓடுகிறது.

ஆகவே குட்டியை எடை போடும் பொறுப்பு அவருடையதாயிற்று. நான் தராசைத் தொடவே கூடாது. தொட்டால் அதன் துல்லியம் போய்விடுமாம். கதவு நிலையில் ஒரு கொக்கித் தராசை மாட்டி, அதில் என் பழைய துப்பட்டாவைத் தூளியாகக் கட்டி, குட்டியை உள்ளே வைத்தார். ஆயிரத்து இருநூற்று ஐம்பது கிராம். ஒரு தாளில் கட்டம் போட்டு எழுதி, பிரிட்ஜ் கதவில் ஒட்டினார். பிறகு தூளிக்குள் குனிந்து, "என்னடா ஒண்ணேகால்" என்றார்.

"பேர் வைக்காதீங்கன்னு சொன்னேன்."

"இது பேர் இல்லம்மா. அளவு."

பக்கத்து வீட்டு அக்கா சுவர் வழியே எட்டிப் பார்த்து, ஐயோ பாவம், மிச்சக் காலெல்லாம் எங்கே போச்சு என்று கேட்டார். நாலு காலும் இருக்கிறது, எழுந்து நிற்கத்தான் தெம்பு இல்லை என்று நான் விளக்க வேண்டியிருந்தது.

காலையில் ஸ்கூட்டரில் கூடையோடு ஆஸ்பத்திரி. சாயந்தரம் திரும்பி வந்து, குளியலறைத் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, ஊசியில்லாத சிரிஞ்சில் கால் மணிக்கு ஒருமுறை சொட்டுச் சொட்டாக உப்புச்சர்க்கரைத் தண்ணீர். கொடுத்ததில் பாதி என் மடியில் திரும்பி வரும். எனக்குப் பொறுமை என்பது இயற்கையிலேயே கிடையாது. குக்கர் விசில் மூன்று வரக் காத்திருக்க முடியாமல் இரண்டில் இறக்குகிறவள் நான்.

நாலாம் நாள் சாயந்தரம் குட்டி கண்ணையே திறக்கவில்லை. தண்ணீரை வாயோரம் விட்டால் அப்படியே வழிந்தது. நான் சிரிஞ்சைப் பக்கெட்டுக்குள் வீசினேன்.

"போதுங்க. விட்டுடலாம். நிம்மதியாப் போகட்டும். இதுக்கு மேல இதைப் படுத்துறது பாவம்."

அவர் குட்டியைத் துண்டோடு எடுத்துப் போனார். தூளி ஆடும் சத்தம் கேட்டது. பிரிட்ஜ் கதவில் பேனா கீறும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து என் எதிரே குந்தினார்.

"பத்து கிராம் கூடியிருக்கு."

"நிஜமாவா?"

"எடை விஷயத்துல நான் பொய் சொல்லுவேனா?"

நேற்று ஆயிரத்து நூற்றுத் தொண்ணூறு, இன்றைக்கு ஆயிரத்து இருநூறு. போய்ப் பார்த்தேன். பத்து கிராம் என்றால் என்ன, இரண்டு ஸ்பூன் சர்க்கரை. ஆனால் இறங்கிக்கொண்டே இருந்தது ஏறியிருக்கிறது அல்லவா? பக்கெட்டுக்குள் கையை விட்டு சிரிஞ்சைத் தேடி எடுத்து, வெந்நீரில் கழுவி, மறுபடி உட்கார்ந்தேன்.

மறுநாள் காலை அது என் கட்டைவிரலை நக்கியது. ஆறாம் நாள் வால் அசைந்தது. எட்டாம் நாள் வேகவைத்த கோழியை மிக்ஸியில் அரைத்து வைத்தேன். கிண்ணத்தைத் தின்னாமல் விட்டதே அதிசயம்.

டாக்டரம்மா சொன்னார்: மூன்று கிலோ ஆகட்டும், தடுப்பூசி போட்டுவிடலாம், போட்டதும் தத்துக் கொடுத்துவிடலாம். என் வீட்டுக்காரர் தலையாட்டினார். குட்டி ஏறியது. இரண்டு கிலோ, இரண்டே கால், இரண்டரை. வீட்டுக்குள் ஓட ஆரம்பித்தது. அவர் ஆபீஸ் ஷூவுக்குள் தலையை விட்டுத் தூங்கியது. அவர் பத்து நிமிஷம் வெறுங்காலோடு நின்று காத்திருந்து, அப்புறம் செருப்போடு ஆபீஸ் போனார்.

இரண்டு கிலோ எழுநூறில் எடை நின்றுவிட்டது.

ஒரு நாள் இரண்டு எழுநூற்று இருபது. மறுநாள் இரண்டு எழுநூற்றுப் பதினைந்து. ஒரு தையற்காரத் தம்பதி குட்டி கேட்டு வந்தார்கள். இவர் பிரிட்ஜ் கதவுக்கு அழைத்துப் போய், கட்டங்களைக் காட்டி, இன்னும் மூன்று கிலோ ஆகவில்லையே, விதி விதிதான் என்று வருத்தத்தோடு அனுப்பிவைத்தார். அடுத்து ஒரு பல் டாக்டர் வந்தார். அவருக்கும் அதே கட்டம், அதே வருத்தம். இரண்டு வாரம் இப்படிப் போயிற்று.

அதற்குப் பிறகு இரண்டே நாளில் டாக்டரம்மா மூன்று தடவை போன் செய்துவிட்டார். அதே வியாதியோடு இன்னொரு குட்டி வந்திருக்கிறது, வேறு வழியில்லாமல் இரவிலும் கடைசி அறையில் தனிக் கூண்டில் கிடக்கிறது, சாயந்தரத்துக்கு மேல் அதைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. வியாதி வந்துபோன வீடு என்பதால் எங்கள் வீட்டுக்குத்தான் அனுப்ப முடியும். ஆனால் எங்கள் குளியலறை ஒன்றுதான். என் கையும் இரண்டுதான். ஒன்று கிளம்பினால்தான் மற்றது வரலாம்.

நான் கான்வென்ட்டில் படித்தவள். மார்க் தாளில் மூன்றை எட்டாகத் திருத்திய பெண்களை எங்கள் சிஸ்டர் எப்படிப் பிடிப்பார் என்று பார்த்து வளர்ந்தவள். திருத்தின எண்ணின் கையெழுத்து மற்றதைவிட அழகாக இருக்கும் என்பார் அவர். எங்கள் பிரிட்ஜ் கதவில் இரண்டு வாரமாக எல்லா எண்களும் முத்துமுத்தாக இருந்தன. குட்டிக்கோ வயிறு பந்து மாதிரி இருந்தது. தூக்கினால் எனக்கு இடுப்புப் பிடித்தது.

காதைச் சோதிக்க வேண்டும் என்று சொல்லி, அவர் ஆபீஸ் போன பிறகு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். டாக்டரம்மாவின் மிஷினில் குட்டி உட்கார்ந்தது. மூன்று கிலோ நானூற்று இருபது.

எனக்கு வந்த கோபத்தில் அந்த மிஷின் தாங்கியிருக்காது. ஊரில் உள்ள தராசையெல்லாம் பிடுங்குகிற மனுஷன், என் வீட்டுக் கதவு நிலையில் திருட்டு எடை போடுகிறார். இன்றைக்கு வீட்டுக்கு வரட்டும், காபிக்குப் பதில் வேறு ஏதாவது கிடைக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது, டாக்டரம்மா குட்டியின் பழைய அட்டையைப் புரட்டிச் சிரித்தார்.

"இது பிழைக்கும்னு நான் நினைக்கவே இல்ல, தெரியுமா? நாலாம் நாள் காலையில எடை பாருங்க."

ஆயிரத்து எழுபது.

எங்கள் வீட்டுத் தாளில் அன்றைக்கு ஆயிரத்து இருநூறு. டிரிப்ஸ் ஏறினால் எடை கூடுமா என்று கேட்டேன். ஐம்பது கூடலாம், நூற்று முப்பது எப்படிக் கூடும் என்றார். அப்புறம் அவரே சொன்னார்:

"அன்னைக்கு மத்தியானம் சாருக்கு போன் பண்ணினேனே. ஆயிரத்து நூறுக்குக் கீழே போயிடுச்சு, நம்பிக்கை வைக்காதீங்கன்னு. உங்ககிட்டச் சொல்லலையா?"

சொல்லவில்லை. என்னிடம் பத்து கிராம் கூடியிருக்கிறது என்றுதான் சொன்னார்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். ஒண்ணேகால் என் செருப்பு வாரைக் கடித்துக்கொண்டிருந்தது. அந்தப் பத்து கிராம் இல்லையென்றால் சிரிஞ்சு பக்கெட்டிலேயே கிடந்திருக்கும். இதுவும் இங்கே உட்கார்ந்து என் செருப்பைத் தின்றுகொண்டிருக்காது. இப்போது நான் எந்தப் பொய்க்குத் திட்டுவது? ஒன்றைத் திட்டினால் மற்றதற்கு நன்றி சொல்ல வேண்டியிருக்கும். எனக்கு இரண்டையும் ஒரே மூச்சில் செய்து பழக்கமில்லை.

நேரில் கேட்டால், நாமே வைத்துக்கொள்ளலாமே என்பார். நான் சரி என்றுவிடுவேன். அதுதான் எனக்குப் பயம். எழுந்து கடைசி அறைவரை போய்ப் பார்த்தேன். கூண்டில் இருந்தது தலையைத் தூக்கிப் பார்க்க முயற்சி செய்து, முடியாமல் வைத்துவிட்டது. சரி, இதை நான் செய்யக் கூடாது, வேறு ஆள் செய்ய வேண்டும் என்று முடிவு செய்தேன். எடையில் ஏமாற்றுவது எப்படி என்று அவரைவிட நன்றாகத் தெரிந்த ஆள்.

சந்தை முனையில் ஒரு பழக்கடை அக்கா இருக்கிறார். மூன்று வருடத்துக்கு முன் என் வீட்டுக்காரர் அவர் தராசைப் பிடுங்கிக்கொண்டு வந்தவர். வாழைப்பழம் நிறுக்கும்போது அக்காவின் ஒரு விரலும் சேர்ந்து நிறுபட்டுக்கொண்டிருந்ததாம். அதற்குப் பிறகு ஒழுங்கான தராசு, ஒழுங்கான முத்திரை. பதினாலு வருடம் கடையைக் காத்த அவருடைய நாய் போன மாதம் வயதாகிச் செத்துப்போய்விட்டது. அதிலிருந்து பழைய பழக்கத்தில் தோல் உரித்த பழத்தைக் கீழே பார்த்து நீட்டுகிறார், வாங்க வாய் இல்லை. கடைக்குப் பின்னாலேயே வீடு. நாள் முழுக்க ஆள் துணை.

குட்டி உங்களுக்குத்தான் என்று விஷயத்தைச் சொன்னேன். நீங்க ஒண்ணும் பேச வேண்டாம்க்கா, அவர் எடை போடும்போது கொஞ்சம் பக்கத்தில் நின்று பாருங்கள், போதும் என்றேன். அக்கா ரொம்ப நேரம் சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா வந்தார். ஒண்ணேகால் ஓடிவந்து அவர் பாதத்தின் மேல் மல்லாக்கப் படுத்தது. என் வீட்டுக்காரர் முகம் கொஞ்சம் சுருங்கியது. ஆனாலும் மரியாதையாகப் பிரிட்ஜ் கதவுக்கு அழைத்துப் போனார். கட்டங்களைக் காட்டினார். மூன்று கிலோ விதியைச் சொன்னார். சந்தேகம் இருந்தால் கண்ணெதிரே போட்டுக் காட்டுகிறேன் என்று அவராகவே சொன்னதுதான் அழகு.

தூளியில் குட்டி. ஆடாமல் இருக்க ஒரு கை கீழே ஏந்தலாக.

"பாருங்க. ரெண்டு எழுநூத்து முப்பது."

அக்கா குனிந்து பார்த்தார். இந்தப் பக்கம் வந்து பார்த்தார்.

"சார், அந்த விரலை எடுங்க."

"எந்த விரல்?"

"நடுவிரல். தூளிக்கு அடியில, கொஞ்சம் உள்ள தள்ளி." அக்காவின் குரலில் பகை துளியும் இல்லை, தொழில் தெரிந்தவர் தொழில் தெரிந்தவரிடம் பேசுகிற மரியாதைதான் இருந்தது. "நான் மேல இருந்து அமுக்கினேன், நீங்க கீழ இருந்து தூக்குறீங்க. மத்தபடி ஒரே வேலைதான் சார்."

அவர் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். விரல் மெதுவாக வெளியே வந்தது. தராசு மூன்று கிலோ நானூற்று அறுபது காட்டியது.

"உனக்கு எப்ப தெரியும்?" என்று என்னிடம் கேட்டார்.

"நாலாம் நாளே தெரிஞ்சிருக்கணும். அன்னைக்கு ஆயிரத்து எழுபதாமே."

குட்டி தூளிக்குள்ளிருந்து தலையை நீட்டி அவர் சட்டைப் பொத்தானைக் கடித்தது.

"அது பொய் இல்லம்மா," என்றார் தாழ்ந்த குரலில். "கொஞ்சம் முன்னாடியே எழுதிட்டேன். அவ்வளவுதான். அப்புறம் கூடிச்சுல்ல?"

நான் ஆஸ்பத்திரியின் கடைசி அறையில் இருக்கிற குட்டியைப் பற்றிச் சொன்னேன். தலையைத் தூக்க முயன்றதைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு குட்டியை எடுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டு, எத்தனை கிலோ இருக்கும் அது என்று கேட்டார். தொள்ளாயிரம் கிராம் என்றேன். கண்ணை மூடிக்கொண்டார்.

அடுத்த கால் மணி நேரத்தில் மூட்டை கட்டியாகிவிட்டது. துண்டு, கிண்ணம், ஆபீஸ் ஷூ ஒன்று, இரண்டு பக்கத்துக்குச் சாப்பாட்டு அட்டவணை. தடுப்பூசி நாளைக்கே போட வேண்டும், நானே நேரில் வருவேன் என்றார். பேரை மாற்றக் கூடாது என்றார். பேர் என்றுதான் சொன்னார். அளவு என்று சொல்ல மறந்துவிட்டார். குட்டியை அக்காவின் கையில் கொடுத்துவிட்டு, கையை எடுக்காமலே நின்றார்.

கடைசியில் தொண்டையைச் செருமிக்கொண்டு, அரசாங்கக் குரலுக்கு வந்தார்.

"ஆறு மாசத்துக்கு ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் எடை பார்க்கணும். நானே கடைக்கு வருவேன்."

"தாராளமா வாங்க சார்," என்றார் அக்கா. "ஆனா எடையை நான் போடுறேன். நீங்க கையைக் கட்டிக்கிட்டுத் தள்ளி நில்லுங்க."

இருபத்துநாலு வருடமாக நான் சொல்லிச் சொல்லி நடக்காத காரியம். உடனே கையைக் கட்டிக்கொண்டார்.