உருகாத ஐஸ்கட்டி

“மூடியைத் திறந்தது யாரு?”

மொட்டை மாடியில் கிளம்பிய சத்தம் கீழே சமையலறைப் பாத்திரங்களைத் தொட்டுவிட்டுத் திரும்பியது.

“யாரும் திறக்கலைங்க. வெயில்ல வெச்சா ஐஸ் உருகத்தான் செய்யும்” என்றாள் மனைவி.

“எதிர்த்துப் பேசாதே!”

அவருக்கு உத்தியோகம் கடை கடையாகப் போய்த் தராசையும் எடைக்கல்லையும் சோதிப்பது. ஊர் வைத்த பெயர் தராசு இன்ஸ்பெக்டர். இருபது வருஷ சர்வீஸில், விற்கிறவன் வாயில் உண்மை வராது என்ற ஒரே முடிவுக்கு வந்திருந்தார். வெளியே கடைக்காரர்கள் நடுங்கினார்கள். வீட்டில் மற்றவர்கள்.

புது வீட்டுக்குக் குடிவந்து ஒரு மாதம். மாடி அறை மட்டும் பாக்கி. மேலே தகரக் கூரை போட்டாயிற்று. அடியில் பலகை அடித்து மூடுவதற்குள், வெக்கை இறங்காமலிருக்க நடுவில் எதையாவது வைக்க வேண்டும். அந்த அறை மாமனாருக்கு. நெஞ்சில் ஆபரேஷன் ஆனவர். “வெக்கையே ஆகாது” என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

“கண்ணாடிப் பஞ்சு வைங்க சார்” என்றார் மேஸ்திரி.

“உமக்குக் கமிஷன் எவ்வளவு?”

“தெர்மகோல் போதும் சார்” என்றார் கடைக்காரர்.

“உன் கிடங்குல தேங்கிக் கிடக்குதா?”

கடை மூலையில் பளபளவென்று ஒரு சுருள் நின்றது. வெள்ளிக் குமிழித்தாள். அதை யாரும் சிபாரிசு செய்யவில்லை என்பதே அவர் கண்ணில் அதற்கு நற்சான்று. நம்மைப் போன்றவர்கள் ஏதோ ஒன்றை வாங்கிவந்து பத்து வருஷம் புலம்புவோம். அவர் சோதித்துப் பார்க்கிற ஜாதி. மூன்று செருப்புப் பெட்டிகள், உள்ளே பெட்டிக்கு ஒரு ரகம், நடுவில் ஒரு ஐஸ்கட்டி. எது கடைசிவரை நிற்கிறதோ அதுவே கூரைக்கு.

முதல் நாள் மூன்றிலும் தண்ணீர். யாரோ திறந்துவிட்டார்களாம்.

இரண்டாம் நாள் பெட்டிகளைச் சணல் கயிற்றால் கட்டி, ‘தொட்டால் தெரியும் சேதி’ என்று எழுதி ஒட்டினார். காக்கைக்குப் படிக்கத் தெரியாது. ஓரத்தில் மின்னிய வெள்ளித்தாளைக் கொத்திப் பெட்டியைக் கவிழ்த்துவிட்டுப் போனது.

“காக்கா மேலயும் ஒரு கேஸ் எழுதிடுங்க” என்றாள் மனைவி. அன்று அவர் சாப்பிடவில்லை.

மூன்றாம் நாள் காவல் போட்டார். படிக்கட்டு நிழலில் நாற்காலி போட்டு மாமனாரை உட்கார வைத்தார். மாமனார் மகள் வீட்டோடு வந்து ஒரு வருஷத்தில் மருமகனிடம் பேசியது மொத்தம் பத்து வார்த்தை. “சரி மாப்பிள்ளை”, ஐந்து தடவை.

“வெள்ளித்தாள் தோத்துச்சுன்னா அந்த மேஸ்திரி மூஞ்சில நான் எப்படி முழிக்கிறது மாமா? மானமே போயிடும். நீங்கதான் பாத்துக்கணும்.”

“சரி மாப்பிள்ளை.”

மத்தியானம் இன்ஸ்பெக்டர் ஜில்லென்று தண்ணீர் குடிக்கப் போய், ஃபிரிட்ஜுக்குள் தலையை விட்டுக் கத்தினார். “ஒரு தட்டு ஐஸ் காலி! இந்த வீட்ல ஐஸைத் தின்னுறது யாரு?”

“உங்க பரிசோதனைதான் மூணு நாளாத் தின்னுது!”

நாலு மணிக்குப் பெட்டிகளைத் திறந்தார். பஞ்சில் தண்ணீர். தெர்மகோலில் தண்ணீர். வெள்ளித்தாளில் ஐஸ்கட்டி காலையில் வைத்தபடியே, மூலைகூட மழுங்காமல் உட்கார்ந்திருந்தது.

உடனே மேஸ்திரிக்குப் போன். “கமிஷன் மேஸ்திரி! ஆறு மணி நேரம் அசையலைய்யா!”

“அதுக்கு வாய்ப்பே இல்ல சார்.”

“மனுஷன் பொய் சொல்வான். ஐஸ் சொல்லாது!”

சுருளுக்குத் தன் கையாலேயே சீல் வைத்து, வேலையன்று தானே பிரித்துக் கொடுத்தார். மேஸ்திரி அதைக் கூரைக்கடியில் விரித்து, பலகை அடித்துவிட்டுப் போனார்.

மாமனார் மாடிக்குக் குடிபோன முதல் மத்தியானம். இன்ஸ்பெக்டர் எட்டிப் பார்க்கப் போனார். இரண்டே நிமிஷத்தில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. அறையா அது, எரிகிற அடுப்பின் உட்புறம். மூலையில் மாமனார் செய்தித்தாளால் விசிறிக்கொண்டிருந்தார்.

அரைமணியில் மேஸ்திரி, கடைக்காரர், மனைவி மூவரும் அந்த அடுப்புக்குள் வரிசையாக நின்றார்கள்.

“திருட்டுப் பசங்களா! தாளை மாத்திட்டீங்க!”

“நீங்க வெச்ச சீலை நீங்களேதான சார் பிரிச்சீங்க?” என்றார் மேஸ்திரி.

“அப்ப அளவுல குறைச்சிருக்கீங்க! ரெண்டு பேரையும் கோர்ட்டுக்கு இழுக்கலைன்னா என் பேரை மாத்திக்கிறேன்! இங்க பாருய்யா, நெஞ்சைக் கிழிச்சுத் தெச்ச மனுஷன். அவருக்கு ஒண்ணு ஆச்சுன்னா…” பாதியில் விட்டுவிட்டு இன்னும் உரக்கக் கத்தினார். “தாள் சரியில்லைன்னா அன்னைக்கு ஆறு மணி நேரம் அந்த ஐஸ் எப்படிய்யா நின்னுச்சு? சொல்லுங்க! யாராவது ஒருத்தர் சொல்லித் தொலைங்க!”

மூலையில் விசிறுகிற சத்தம் நின்றது.

“கோவப்படாதீங்க மாப்பிள்ளை” என்றார் மாமனார், கழுத்தைத் துடைத்துக்கொண்டே. “அது தோத்தா உங்க மனசு விட்டுப்போயிடுமேன்னு, அரைமணிக்கு ஒருதரம் கீழ இறங்கிப் போய், நான்தான் புது ஐஸ் கொண்டாந்து வெச்சேன்.”