மாப்பிள்ளை என்று எழுதிய டப்பா

அன்பும் மரியாதையும் என்றும் குறையாத மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதுவது. இங்கே நானும் உங்கள் மாமியாரும் சுகம். அங்கே நீங்களும் மகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் கார் சுகமா என்பதை மட்டும் ஒரு வரியில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். போனில் என்றால் நடுவில் நீங்கள் கேள்வி கேட்பீர்கள்.

காரை இங்கே விட்டுவிட்டு ரயிலில் புறப்படும்போது, "மாமா, காருக்கு ஆயில் மாத்தற நேரம் வந்தாச்சு. டிக்கில புது டப்பா இருக்கு, சிந்தெடிக். அதையே ஊத்தச் சொல்லிடுங்க" என்று சாவியை என் கையில் கொடுத்தீர்கள். கல்யாணமானதிலிருந்து நீங்கள் என்னை நம்பி ஒப்படைத்த முதல் காரியம் அது. (நான் உங்களிடம் ஒப்படைத்தது என் மகளை. அது வேறு கணக்கு.) இதில் எப்படியாவது உங்களிடம் நல்ல பெயர் வாங்கிவிட வேண்டும் என்று எனக்கு ஒரே ஆசை. வந்த வினையெல்லாம் அந்த ஆசையால் வந்ததுதான்.

நான் காலமெல்லாம் துணிக்கடையில் நின்றவன். சிந்தெடிக் என்றால் என்ன என்று எனக்கா தெரியாது? பட்டு வாங்க வக்கில்லாதவர்களுக்கு எடுத்துப் போடுகிற சரக்கு. விற்காமல் கிடந்த ஒரு சிந்தெடிக் புடவையை உங்கள் மாமியாருக்குப் பட்டு என்று சொல்லிக் கொடுத்து, நான் பட்ட பாடு இன்னும் முடியவில்லை. அப்படிப்பட்ட பொருளை மாப்பிள்ளையின் புதுக்காரில் ஊற்றுவதா? நம் ட்ராக்டருக்கு வாங்கிவைத்த டப்பா ஒன்று ஷெட்டில் இருந்தது. அதில் 'மினரல்' என்று போட்டிருந்தது. காசு கொடுத்து பாட்டிலில் வாங்கிக் குடிக்கிறோமே, அந்த மினரல்! எது சுத்தம், எது மட்டம் என்று பச்சைக் குழந்தைக்கும் தெரியும். மாப்பிள்ளைக்கு மினரல், ட்ராக்டருக்குச் சிந்தெடிக் என்று முடிவெடுத்துவிட்டேன். இரண்டும் ஒரே மஞ்சள் டப்பா, எழுத்தோ பொடி. அதனால் துண்டுக் காகிதத்தில் பெரிதாக 'மாப்பிள்ளை', 'ட்ராக்டர்' என்று எழுதி ஒட்டிவைத்து, மறுநாள் காலையில் கண்ணாடிகூடப் போடாமல் என் கையாலேயே ஊற்றினேன். மெக்கானிக்கைக் கூப்பிடவில்லை. நல்ல பெயரில் அவனுக்கு எதற்குப் பங்கு?

அன்று ட்ராக்டரை வயலில் கொஞ்சம் ஓட்டிவிட்டு வந்து நிறுத்தினேன். அடியில் குனிந்து பார்த்தால் தரையில் எண்ணெய் சொட்டி ஒரு தோசைக்கல் அகலத்துக்குத் திட்டு. பதறியடித்துக்கொண்டு மெக்கானிக்கிடம் ஓடினேன். பட்டறையில் எல்லாரும் அவனை பிஸ்டன் என்றுதான் கூப்பிடுவார்கள். வாய் ஓயவே ஓயாது.

"எதுக்கு எதை ஊத்தினீங்க?"

சொன்னேன். பெருமையாகவே சொன்னேன். அவன் ஸ்பானரைக் கீழே போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டான்.

"மினரல்னா குடிக்கிற தண்ணின்னு நெனச்சீங்களா? ஐயோ சார்! பூமிக்கடியிலேருந்து எடுத்து வடிகட்டுற சாதா ஆயில் சார் அது. சிந்தெடிக்தான் ஆலையில பாத்துப் பாத்து செய்யறது, எந்தச் சூட்டையும் தாங்கும், வெலையும் ரெண்டு மடங்கு. புதுக்காருக்கு அதான் வேணும். பழைய ட்ராக்டர்ல அதை ஊத்தினா, தேஞ்ச சீல் வழியா கசியத்தான் செய்யும்."

பட்டறையில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். டயருக்குக் காற்றடிக்க வந்தவரும் சேர்ந்து சிரித்தார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. எல்லாரையும்விட நீங்கள் சிரிப்பதுதான் கண்முன் நின்றது. நீங்கள் சிரிக்க மாட்டீர்கள், "பரவாயில்லை மாமா" என்பீர்கள். அது இன்னும் மோசம்.

வீட்டில் மூச்சுவிடவில்லை. உங்கள் மாமியார் அவள் தங்கை வீட்டுக்குப் போன நேரம் பார்த்து இரண்டு வண்டியிலும் எண்ணெயை வடித்தேன். புது எண்ணெயை வீணாக்க மனம் வருமா? நம்முடையது குட்டி ட்ராக்டர்தானே, அளவு ஏறக்குறைய ஒன்றுதான். அதில் இருந்ததைக் காருக்கும், காரில் இருந்ததை அதற்கும் மாற்றி ஊற்றிவிட்டேன். ட்ராக்டரிலிருந்து வந்தது கொஞ்சம் கறுத்திருந்தது. அழுக்கை இழுத்திருக்கிறது, ஒசத்திச் சரக்கு ஒசத்திச் சரக்குதான் என்று மெச்சிக்கொண்டேன். துணியில் வடிகட்டித்தான் ஊற்றினேன், கவலை வேண்டாம்.

ஆக, நடுவில் என்ன நடந்திருந்தாலும், நீங்கள் சொன்ன எண்ணெய் நீங்கள் சொன்ன காரில் இருக்கிறது. மாமனார் வாக்குக் காப்பாற்றினார் என்று நீங்கள் தாராளமாக நாலு பேரிடம் சொல்லலாம். ஞாயிற்றுக்கிழமை ரயிலடிக்கு உங்கள் காரையே துடைத்துப் பளபளவென்று கொண்டுவந்து நிற்கிறேன்.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், கசிவு இல்லாமல், நீண்டநாள் நன்றாக ஓட வேண்டும் என்று வாழ்த்தும்,
மாமனார்.

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் உங்கள் மாமியார் ஒரு புடவையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். நான் எண்ணெய் வடிகட்டியது அந்தச் சிந்தெடிக் புடவையில். வேறு வழியில்லாமல் நடந்ததைச் சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டாள்.

"அடப் பாவி மனுஷா! வெல கூடினது மாப்பிள்ளைக்குத்தான் போகணும்னு அன்னிக்கு ராத்திரியே நான் காகிதத்தை மாத்தி ஒட்டிட்டேனே! ட்ராக்டர் என்னிக்கு ஒழுகாம இருந்துச்சு? நீங்க அன்னிக்குத்தான் குனிஞ்சு பாத்தீங்க!"

அதாவது, முதலில் நான் தப்பாக ஊற்றியது சரியாக இருந்தது. பிறகு சரியாக மாற்றியதுதான் தப்பாகிவிட்டது. கார் சாவி இப்போது அவள் இடுப்பில். நீங்கள் வரும்வரை என் நிழல்கூட உங்கள் கார்மேல் படக்கூடாதாம்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை ட்ராக்டரில் வருகிறேன். மகளிடம் உட்காரும் இடத்தில் போட ஒரு பழைய போர்வை எடுத்துவரச் சொல்லவும். பயப்பட ஒன்றுமில்லை, உங்கள் எண்ணெய் அருமை. ட்ராக்டர் சத்தமே இல்லாமல் ஓடுகிறது.