கழுத்துவலி அனுபவஸ்தர்

கழுத்துவலி உள்ளவர்கள் வேறு, கழுத்துவலி அனுபவஸ்தர்கள் வேறு. முதல் வகையினர் வலிக்கிறது என்பார்கள், பிறகு தங்கள் வேலையைப் பார்ப்பார்கள். இரண்டாம் வகை இருக்கிறதே, அது உங்களைப் பார்த்து "எந்தப் பக்கம் வலிக்கு?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக்கூடக் காத்திராமல் வைத்தியத்தை ஆரம்பித்துவிடும். சேத்தூர் பொன்னுராஜ் அந்த இனத்தில் அசல்.

ராஜபாளையத்து மில் ஒன்றில் வேன் டிரைவர். மூன்று மாதமாகக் கழுத்து இடப்பக்கம் திரும்பவில்லை. அதற்காகச் சும்மா இருந்தாரா? தலையணையைத் தூக்கி எறிந்தார், பிறகு இரண்டாக வாங்கினார், செண்பகத்தோப்புப் பக்கம் ஒருவர் காய்ச்சிக் கொடுத்த பச்சிலை எண்ணெயைத் தேய்த்தார், உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்தார், கழுத்தில் பட்டை மாட்டிக்கொண்டு கல்யாண வீட்டில் முதல் வரிசையில் உட்கார்ந்தார். ஒவ்வொன்றிலும் நாலு நாள் சுகம். வலி தானாக இறங்குகிற நேரத்தில் கையில் எது இருந்ததோ, அதற்குத்தான் கும்பிடு. வேனில் மில் வேலைக்கு வரும் பெண்களுக்கெல்லாம் அதையே சிபாரிசும் செய்வார். ஐந்தாம் நாள் வலி திரும்பினால்? அது போகட்டும், அடுத்த வைத்தியம் எங்கே?

ஒருநாள் வேனைப் பின்னால் எடுக்கும்போது மில் கேட்டில் உரசிவிட்டார். மேனேஜர் அழகுராஜா சாவியை வாங்கிக்கொண்டார்.

"ஆறு வாரம் டைம், பொன்னுராஜ். கழுத்தைத் திருப்பிக் காட்டினா வேன் உங்களுக்கு. இல்லேன்னா மாத்து டிரைவர் ஜெபினுக்கு. நீங்க கேட்டுல வாட்ச்மேனா உக்காருங்க."

பதினெட்டு வருஷமாக ஓட்டிய வேன். மனுஷன் ஆடிப்போய்விட்டார். மனைவி மாரிசெல்வியோடு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஓடினார். அங்கே பிசியோதெரபிஸ்ட் சத்யப்பிரியா கழுத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பயிற்சிகள் அச்சிட்ட ஒரு தாளைக் கொடுத்தார்.

"எண்ணெய், ஒத்தடம் எல்லாம் அந்நேரத்துச் சுகம் அண்ணாச்சி. பட்டையைக் கழட்டிருங்க. இதைத் தினமும் செஞ்சா ஆறு வாரத்துல வலி கொஞ்சம் குறையும், கழுத்தும் திரும்பும். முழுசாப் போயிரும்னு எழுதித் தரமாட்டேன்."

காரம் இல்லை, மணம் இல்லை, பத்தியம் இல்லை. இது ஒரு வைத்தியமா? பொன்னுராஜுக்கு மனசே ஒப்பவில்லை. ஆனாலும் வீட்டில் தினமும் தாளை விரித்தார்.

"ஏட்டி, நீ ஒருக்கா செஞ்சு காட்டு. பார்த்துக்கிட்டு நானும் செய்யுதேன்."

மாரிசெல்வி தையல் மிஷினை நிறுத்திவிட்டு வந்து, தாடையை உள்ளிழுத்து, பத்து எண்ணி, இடமும் வலமும் திருப்பிக் காட்டுவாள். அவர் டீயைக் குடித்தபடி மேற்பார்வை பார்ப்பார். "தோளைத் தூக்காத," என்று திருத்தம் வேறு. பிறகு, "எனக்குப் புரிஞ்சுபோச்சு, நாளைக்குச் செய்யுதேன்." ஆறு வாரமும் இதே பாட்டுத்தான்.

சோதனை நாள் வந்தது. டிரைவர் சீட்டில் உட்கார்ந்து திரும்பினார். இடுப்பு திரும்பியது, தோள் திரும்பியது. கழுத்து மட்டும் அசையவில்லை.

"உடம்பை இல்ல, கழுத்தை!" என்று அழகுராஜா கத்தினார்.

துணைக்கு வந்து கீழே நின்ற மாரிசெல்வி, இடப்பக்கம் ஒரு லாரி ஹாரன் அடிக்கவும் சட்டென்று கழுத்தைத் திருப்பிப் பார்த்தாள். பொன்னுராஜ் வாயைப் பிளந்தார்.

"உனக்கும் மிஷின் தச்சுத் தச்சுப் பிடிப்பு இருந்துச்சே, ஏட்டி?"

"இப்ப அம்புட்டா இல்லங்க. தினமும் உங்களுக்குச் செஞ்சு காட்டினேன்ல."

சாவி ஜெபின் கைக்குப் போனது. பொன்னுராஜுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வெட்கம் அதைவிடப் பெரிதாக இருந்தது. இன்றைக்கே பயிற்சியை ஆரம்பிப்பது என்று சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்தார். அந்த நேரம் பார்த்து ஜெபின் பிடரியைத் தடவினான்.

"எனக்கும் லேசா வலிக்கு, அண்ணாச்சி."

பொன்னுராஜ் முகம் மலர்ந்தது.

"எந்தப் பக்கம்? சரி விடு, இந்தா, இதை ஆறு வாரம் செய். எங்க வீட்டுல கைகண்டது!"

தாளை அவனிடமே கொடுத்துவிட்டுக் கேட்டுக்கு நடந்தார்.

சிரித்தீர்களா, நல்லது. இதை யாருக்கு அனுப்பலாம் என்று மனசுக்குள் ஒரு பெயர் ஓடியதே, அதுவும் தெரியும். அனுப்புங்கள். அதற்கு முன் போனிலிருந்து தலையைத் தூக்கி, ஒரே ஒருமுறை இடப்பக்கம் திரும்புங்கள் பார்ப்போம். தோள் வரக்கூடாது.