குசினி தெரியாத மனுசன்

“என்ர வீட்டில குசினி எந்தப் பக்கம் எண்டே எனக்குத் தெரியாதடா!”

நோர்வேயில் இருக்கும் பாக்கியரத்தினத்திடம் போனில் இப்படித்தான் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று கேட்காதீர்கள். உயர்தர வகுப்பு வரை என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவன். முப்பது வருடத்துக்கு மேல் கழித்து என்னைத் தேடிப் பிடித்து, “வீட்டில ஆர் மச்சான் ராசா?” என்று கேட்கிறான். வாய் சும்மா இருக்குமா?

உண்மையைச் சொல்கிறேன், உங்களோடு இருக்கட்டும். கலியாணம் முடித்த புதிதில் என் மனைவி பூரணி வைத்த மீன்குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, “உப்புக் கொஞ்சம் காணாது” என்றேன். “அப்ப நீங்களே வையுங்கோ” என்றாள். அன்றிலிருந்து நான்தான் வைக்கிறேன். துறைமுகக் கந்தோரில் வேலை முடிந்து ஓர்ஸ் ஹில் வீட்டுக்கு வந்து சாரத்தைக் கட்டினேன் என்றால், இரவுச் சாப்பாடு முடியும்வரை குசினி அடுப்படிதான்.

இந்த நிலையில் பாக்கி, “வாற கிழமை மனுசியோட திருகோணமலைக்கு வாறன். தங்கச்சியின்ர கையால சாப்பிடோணும்” என்றான். கூடப் படித்த எல்லாருக்கும் அவன்தான் வானொலி. என் மானம் ஒஸ்லோ தொடங்கிக் கந்தளாய் வரை ஒலிபரப்பாகிவிடும்.

அவன் வருவதற்கு முதல் நாள், பூரணியின் காலில் விழாத குறை.

“ஒரே ஒரு நாள். கறியை நான் விடிய எழும்பி வைக்கிறன். நீ வைச்சதெண்டு பரிமாறு. என்னைக் கண்டு கொஞ்சம் பயந்த மாதிரி நில்.”

“ஓம்.”

“அதுக்கு உனக்கு என்ன வேணும்?”

“ஒண்டும் வேண்டாம். உங்கட மானம் என்ர மானமில்லையோ?”

பூரணி ஒரு விஷயத்துக்கு உடனே ஓம் சொன்னால் ஓடித் தப்பவேண்டும். நான் நண்டு வாங்க ஓடினேன்.

வந்தான் பாக்கி. வாசலிலேயே கட்டிப்பிடித்துக்கொண்டோம். அவனுக்குத் தலை போயிருந்தது, எனக்கு வயிறு வந்திருந்தது. இரண்டு பேருக்கும் கண் கலங்கியது. அது நடிப்பில்லை.

நடிப்பு அதற்குப் பிறகுதான் தொடங்கியது. பூரணி சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றாள்.

“இருங்கோவன் தங்கச்சி” என்றான் பாக்கி.

பூரணி என்னைப் பார்த்தாள். “இருக்கலாமோ?”

“இரு, இரு” என்றேன், கம்பீரமாக. கதிரையின் நுனியில் இருந்தாள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

“நண்டுக்கறி அந்த மாதிரி!” என்று விரலைச் சூப்பினான் பாக்கி. வைத்தவன் பேசாமல் இருக்க, வைக்காதவள் வெட்கப்பட்டாள்.

“இவர் நல்லா இருக்கெண்டு சொன்னால்தான் அண்ணா எனக்கு மூச்சு வரும். போன கிழமை உப்புக் காணாதெண்டு சட்டியோட தூக்கி எறிஞ்சவர்.”

எனக்குப் புரைக்கேறியது.

“ஐயோ, இருமுறார்! தண்ணி பிந்தினால் அதுக்கும் கோவம் வரும்” என்று எழும்பி ஓடினாள்.

பாக்கியின் மனைவி யோகமலர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். பாக்கி என்னை முறைத்தான்.

“டேய், அங்க நான் எல்லா வேலையும் செய்யிறனான். உனக்கு வெட்கமில்லையோ?”

நான்தான் சமைத்தேன் என்று சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் மனிதனே இல்லை என்றாகும். நண்டுக்காலைக் கடித்துக்கொண்டு யோசித்தேன். கால் உடைந்தது, முடிவு வரவில்லை.

முடிவை யோகமலர் சொன்னாள். “உப்புவெளியில றூம் எடுத்திருக்கிறம். அக்காவை நான் கூட்டிக்கொண்டு போறன். நாலு நாள் கடலைப் பாத்துக்கொண்டு இருக்கட்டும். நீங்கள் இஞ்ச நிண்டு இந்த மனுசனுக்குச் சமைக்கப் பழக்குங்கோ.”

“ஐயோ, இவர் விடுவாரோ? சுடுதண்ணி வைக்கவும் தெரியாதவர்!”

விம்மிக்கொண்டே அறைக்குள் போன பூரணி பையோடு திரும்பி வந்தாள். சீப்புத் தேடவே அரை மணித்தியாலம் எடுப்பவள்! பை முதலே கட்டி இருந்திருக்கிறது.

அன்று பின்னேரமே பாடம் ஆரம்பம்.

“இதுதான் மச்சான் அடுப்பு.”

“அப்பிடியோ!”

“இது வெங்காயம். முதலில தோலை உரிக்கோணும். பயப்பிடாதை.”

கண்ணை மூடிக்கொண்டு ஒரு பறி நண்டைத் துப்புரவாக்குகிறவன் நான். கத்தியைத் தலைகீழாகப் பிடித்தேன். பிள்ளைக்கு ஏடு தொடக்குகிற மாதிரி அவன் என் கையைப் பிடித்து வெட்டப் பழக்கினான். வெங்காயம் கட்டை கட்டையாக விழுந்தது. பிறகு தேங்காய்ப்பால் சொதிக்குள் உப்பென்று நினைத்து ஒரு கரண்டி சீனியை அள்ளிப் போட்டான். ‘டேய், அது சீனியடா!’ என்று கத்த வாயெடுத்தேன். சொன்னால் குட்டு வெளிப்பட்டுவிடும். அந்தப் பாயாசச் சொதியை, “என்ன ருசி!” என்று இரண்டு கோப்பை குடித்தேன்.

வாத்தியாருக்கு ஒரே பெருமை. இன்னொரு வெங்காயத்தை என் கையில் திணித்துவிட்டு உப்புவெளிக்கு வீடியோக் கோல் எடுத்தான். பூரணிக்குப் பின்னால் கடல். கையில் செவ்விளநீர்.

“தங்கச்சி, பாருங்கோ! உங்கட மனுசன் வெங்காயம் வெட்டுறான்!”

பூரணி கண்ணைத் துடைத்தாள். “இதைப் பாக்க நான் குடுத்துவைச்சிருக்கோணும் அண்ணா. இன்னும் ஒரேயொரு உதவி. சட்டிபானை கழுவவும் பழக்கிவிடுங்கோ.”

அன்றுவரை எங்கள் வீட்டில் அவள் செய்துவந்த ஒரே வேலை அதுதான்.