லோதர் க்னாப் தனியாகப் போய்வந்தார்

மனிதர்களில் தனியாக ஊர் சுற்றுகிறவர் என்று ஒரு வகை உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்க்காவிட்டாலும் அவர் உங்களைப் பார்த்து, உங்கள் செருப்பு மலையேறத் தகுதியற்றது என்று மனதுக்குள் குறித்துக்கொண்டிருப்பார். எங்கள் ஜெர்மனியில் இந்த வகை நன்றாகவே விளைகிறது. மழைக்கோட்டு, இரண்டு கைக்கும் இரண்டு ஊன்றுகோல், தோள்பையில் அவித்த முட்டை, முட்டைக்கு உப்பு தனி டப்பாவில், கழுத்தில் உறைபோட்ட வரைபடம், இத்தனையும் சுமந்துகொண்டு, எதிரில் வருகிற ஒவ்வொருவரையும் நிறுத்தி, "தனிமைதாங்க சுகம்" என்று சொல்லிவிட்டுப் போகிறவர். அவ்வளவு சுகமென்றால் அதை ஏன் இத்தனை பேரிடம் சொல்ல வேண்டும்? கேட்டுவிடாதீர்கள். பதில் வைத்திருப்பார்.

பிரவுன்ஷ்வைக் நகரத்து லோதர் க்னாப்பை எடுத்துக்கொள்ளுங்கள். வயது அறுபத்து மூன்று. நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆறு வருடத்துக்கு முன் மனைவி பிரிந்து போனார்; போகும்போதும் முறைப்படி மூன்று மாத முன்னறிவிப்பு கொடுத்துவிட்டுத்தான் போனார் என்பதால் லோதருக்கு அவர்மேல் இன்றும் மரியாதை உண்டு. அன்று தொடங்கியதுதான் இந்த ஊர் சுற்றல். இதுவரை இருநூற்றுப் பதினொரு ஊர். ஒவ்வொன்றுக்கும் குறிப்பேட்டில் ஒரு பக்கம், பக்கத்துக்கு நான்கு தலைப்பு: சுத்தம், மணிக்கூண்டு, ரொட்டி, மக்கள். மணிக்கூண்டு என்றால் அழகல்ல. சரியான நேரம் காட்டுகிறதா என்பது. ரொட்டிக்கு நேரே எல்லா ஊருக்கும் "நம் ஊர் அளவுக்கு இல்லை" என்றே இருக்கும். ஆற்றங்கரை, காடு, கோட்டை, திராட்சைத் தோட்டம் எல்லாம் பார்ப்பார். பிறகு "வரைபடத்தில் உள்ளபடியே இருக்கிறது" என்று எழுதுவார். அவர் ஒன்றைப் பாராட்டினார் என்றால் அதற்கு அதுதான் பொருள்.

போன அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை ஹார்ட்ஸ் மலைப் பக்கம் ஆல்டென்க்ரூன்ட் என்கிற சிற்றூருக்குக் கிளம்பினார். ரயில் பெட்டியில் அறுபது இருக்கை. மொத்தக் கூட்டம் ஒரே ஒரு பெண்மணி. அவர் உட்கார்ந்திருந்தது நாற்பத்தாறாம் எண்ணில்.

"அம்மா, இது நாப்பத்தாறு."

பெண்மணி பெட்டியை ஒரு சுற்றுப் பார்த்தார். "ஏன் சார், நாப்பத்தேழு கடிக்குமா?"

"எனக்கு ஒதுக்கினது நாப்பத்தாறு." சீட்டை எடுத்துக் காட்டினார்.

வேறு யாராக இருந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுத்த பெட்டிக்குப் போயிருப்பார்கள். ரோஸ்விதா, அதுதான் அந்தப் பெண்மணியின் பெயர், அப்படிப்பட்டவர் அல்ல. மடியிலிருந்த பூசணிக்காயைத் தூக்கிக்கொண்டு எதிர் இருக்கைக்கு மாறி, "இங்க உக்காரலாமா, இல்ல பூசணிக்குத் தனியா சீட்டு வாங்கணுமா?" என்றார்.

லோதர் யோசித்தார். "கைச்சாமான்ல சேரும்னு நினைக்கிறேன்."

அந்த அம்மாள் விழுந்து விழுந்து சிரித்தார். தாம் ஏதோ நகைச்சுவை சொல்லிவிட்டதை லோதரே அப்போதுதான் தெரிந்துகொண்டார். பிறகு ஐம்பது நிமிடம் பேச்சு ஓயவில்லை. இருநூற்றுப் பதினொரு மணிக்கூண்டுகளில் முப்பதைப் பற்றியாவது ரோஸ்விதா பொறுமையாகக் கேட்டார். ஆப்பிள் நறுக்கிப் பாதியைக் கொடுத்தார். ஆல்டென்க்ரூன்டில் தேவாலயத்துக்கு எதிரே சாப்பாட்டு விடுதி நடத்துகிறாராம். கணவர் இறந்து நாலு வருடமாம்.

"மத்தியானம் நம்ம கடைக்கு வாங்க சார். மான்கறிக் குழம்பு, உருளைக்கிழங்கு உருண்டை. ரெண்டு மணிக்கு அடுப்பை அணைச்சுட்டு நானும் உக்காந்துடுவேன். ஒத்தையா சாப்பிட்டுச் சாப்பிட்டு அலுத்துப்போச்சு. ரெண்டு தட்டு வெக்கிறேன்."

ஆறு வருடத்தில் லோதரை யாரும் சாப்பிடக் கூப்பிட்டதில்லை. தனிமையின் சுகமெல்லாம் எங்கேயோ போய்விட்டது. மனம் நிறைந்துவிட்டது அவருக்கு. "ஒண்ணு அம்பதுக்கு வந்துடறேன்" என்றார். ஊருக்குள் போனதும் மருந்துக்கடைக் கண்ணாடியில் பார்த்துத் தலை வாரிக்கொண்டார். பூக்கடையில் மஞ்சள் செவ்வந்தி ஒரு கொத்து வாங்கினார். குறிப்பேட்டில் பூவுக்குத் தலைப்பு கிடையாது.

ஒன்று நாற்பத்தெட்டுக்குத் தேவாலயத்து வாசலில் நின்றார். எதிரே விடுதி. நடுவில் சாலை, எட்டு எட்டு வைத்தால் தாண்டிவிடலாம். நடந்து கடப்பவர்களுக்கான விளக்கு சிவப்பு. பொத்தானை அமுக்கிவிட்டுக் காத்திருந்தார்.

வண்டி ஒன்றும் வரவில்லை. வருகிற அறிகுறியும் இல்லை. நடுச் சாலையில் ஒரு பூனை படுத்து வெயில் காய்ந்துகொண்டிருந்தது. விளக்கு சிவப்பாகவே இருந்தது. சிவப்பில் கடந்தால் குழந்தைகள் பார்த்துக் கெட்டுப்போகும் என்பது எங்கள் நாட்டுப் பெரியவர்களின் தலையாய கவலை. அன்று பள்ளி விடுமுறை. கண்ணுக்கெட்டிய தூரத்தில் குழந்தையே இல்லை. ஆனால் ஏதாவது ஒரு சன்னலில் இருக்கலாம் அல்லவா?

சக்கர நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு ஒரு முதியவள் அவரைத் தாண்டிச் சாலையில் இறங்கினாள்.

"அம்மா, சிவப்பு!"

"எனக்கு எம்பத்தாறு வயசுப்பா. பச்சைக்கெல்லாம் காத்துக்கிட்டிருக்க முடியாது" என்று திரும்பிப் பார்க்காமலே போனாள்.

ஒன்று ஐம்பத்து மூன்று. ரோஸ்விதா வாசலுக்கு வந்தார். "சார்! அது செவ்வாய்க்கிழமையிலேர்ந்து சிவப்பாவே நிக்குது! ரிப்பேர்! வாங்க!"

"ரிப்பேர்னு எழுதி ஒட்டலையே!"

"அதான் நான் சொல்றேனே!"

"நீங்க நகராட்சி இல்லையே, அம்மா!"

ரோஸ்விதா இடுப்பில் கைவைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு விறுவிறுவென்று சாலையைத் தாண்டி அவர் பக்கத்திலேயே வந்து நின்றார். "வாங்க, கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறேன். பூ எனக்குத்தானே?"

அந்த நேரத்தில் சொல்வதற்கு நல்ல வார்த்தைகள் எத்தனையோ இருக்கின்றன. லோதர் சொன்னது இது: "நீங்க இப்ப சிவப்புல வந்திருக்கீங்க."

இருவரும் சேர்ந்து ஒரு நிமிடம் அந்த விளக்கைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பூனை புரண்டு படுத்தது. "சரி சார்," என்றார் ரோஸ்விதா. குரலில் இப்போது சிரிப்பு இல்லை. "கதவைத் தாழ்போடலை. எப்ப பச்சை எரியுதோ அப்ப வாங்க."

இரண்டு பன்னிரண்டுக்கு நகராட்சி ஆள் வந்தார், பெட்டியைத் திறந்து ஏதோ திருகினார், பச்சை எரிந்தது. லோதர் இடம் வலம் பார்த்து முறைப்படி கடந்தார். விடுதிக் கதவில் ஒரு பலகை தொங்கியது: "மதிய ஓய்வு. 2 மணி முதல் 5.30 வரை கடை மூடியிருக்கும்."

நின்றார். உள்ளேயிருந்து குழம்பு மணத்தது. சன்னல் வழியாக மேசை தெரிந்தது; தட்டு இரண்டு, ஒன்றின் முன்னால் ரோஸ்விதா, முதுகு காட்டி. கதவு திறந்திருக்கிறது என்று அவர் வாயால் சொன்னது உண்மைதான். ஆனால் மூடியிருக்கிறது என்று எழுத்தில் இருக்கிறதே? லோதரின் கை ஒருமுறை கைப்பிடி வரை போனது. போய்த் திரும்பியது. ஓய்வு நேரத்தில் ஒருவரைத் தொந்தரவு செய்யலாமா?

பூவைச் சன்னல் விளிம்பில் வைக்கலாமா என்றுகூட நினைத்தார். அங்கே எதுவும் வைக்கக் கூடாது என்று எழுதியிருக்கவில்லை. வைக்கலாம் என்றும் எழுதியிருக்கவில்லை.

திரும்பும் ரயிலில், பூங்கொத்தை எதிர் இருக்கையில் சாய்த்து வைத்து, அவித்த முட்டையை உப்போடு தின்றுவிட்டு, குறிப்பேட்டைத் திறந்து இருநூற்றுப் பன்னிரண்டாவது பக்கத்தை எழுதினார். சுத்தம்: நன்று. மணிக்கூண்டு: சரியான நேரம். ரொட்டி: நம் ஊர் அளவுக்கு இல்லை. மக்கள் என்ற தலைப்புக்கு வந்தபோது வெகுநேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மற்ற இருநூற்றுப் பதினொரு ஊருக்கும் எழுதியதையே எழுதினார்: "ஒட்டிப் பழகுவதில்லை."

சிரிக்கிறீர்கள். நல்லது. நீங்கள் சிவப்பு விளக்கை மதிப்பவர் அல்ல, அது எனக்குத் தெரியும். வண்டி வந்தாலும் கடப்பவர். ஆனால் "ஒரு நாள் வீட்டுக்கு வாங்க" என்று உங்களை ஒருவர் கூப்பிட்டாரே, அவர் எந்த நாள் என்று சொல்லவில்லை என்பதால்தானே இன்னும் போகாமல் இருக்கிறீர்கள்? போதாததற்கு, இந்தக் காலத்தில் மனிதர்கள் முன்னைப்போல் பழகுவதில்லை என்று போனவாரம் யாரிடமோ குறைப்பட்டுக்கொண்டும் இருந்தீர்கள்.