பட்சி தோஷமும் தோல் ஜாக்கெட்டும்

அணைக்கட்டுப் பக்கம் இப்போது மனிதர்களுக்குக் குறையே இல்லை. தோஷமெல்லாம் கோழிகளுக்குத்தான். முதுகில் இறகு உதிர்ந்து, தோல் சிவந்த பெட்டைகளைக் கூடையில் வைத்துக்கொண்டு சனம் ஷேர் ஆட்டோவில் தொங்கியபடி குக்குட சித்தரிடம் ஓடுகிறது. சித்தரின் பழைய பெயர் பிரேம்நாத். காட்பாடி ஸ்டேஷன் வாசலில் செல்போன் கவர் விற்றவர். கவர் போணியாகவில்லை. ஞானம் வந்துவிட்டது.

வைத்தியம் எளிது. பெட்டைக்குக் கறுப்புக் கயிறு. வீட்டுச் சேவல் சித்தருக்குக் காணிக்கை. ஒரு மண்டலம், அதாவது நாற்பத்தெட்டு நாளில், இறகு முளைக்கும். முளைத்தும் தொலைத்தது! சேவல்களோ சித்தரின் கொல்லையில் முக்தி அடைந்தன. முக்திக்கு மிளகு வாசனை உண்டென்று அந்தத் தெருவே சொல்லும்.

கோவிந்தம்மாளுக்கு இரண்டு பெட்டை, ஒரு சேவல். குஞ்சு பொரிக்க வைத்து விற்பதுதான் பிழைப்பு. இரண்டு பெட்டைக்கும் முதுகு மொட்டை. சேவலைக் கக்கத்தில் இடுக்கிக் கிளம்பியவளை மருமகள் பூர்ணிமா மறித்தாள். ஆம்பூர் ஷூ கம்பெனியில் தையல் மிஷினில் உட்காருபவள்.

“அத்தை, சேவல் இல்லாம குஞ்சு எங்கேர்ந்து வரும்? சித்தரு அனுப்புவாரா?”

“வாய மூடுடி. சாமி காதுல வுழும்.”

“வுழட்டும். தெனம் முதுகுல ஏறி நகத்தால பிராண்டுறது தோஷமா? இந்த ஐயாதான்.”

கக்கத்தில் இருந்த ஐயா எங்கேயோ பார்த்தார்.

அத்தையோடு கூடவே போன பூர்ணிமா, கூட்டத்தின் நடுவில் சித்தரிடம் கேட்டாள்: “ஒரு பெட்டைக்குக் கயிறு கட்டுங்க சாமி. சேவல் எங்க வூட்லயே இருக்கட்டும். மண்டலத்துல இறகு மொளைச்சா மூணையும் நீங்களே எடுத்துக்கோங்க.”

கோவிந்தம்மாளுக்கு மயக்கமே வந்தது. சித்தருக்கு எச்சில் ஊறியது. “ஆகட்டும்” என்றார். மூன்று என்றால் ஞானிக்கும் கணக்கு வரும்.

கயிறு இல்லாத பெட்டைக்கு, கம்பெனியில் கேட்டு வாங்கிய துண்டுத் தோலில் பூர்ணிமா ஒரு ஜாக்கெட் தைத்தாள். முதுகை மூடும், இறக்கையடியில் பட்டன். தெரு சிரித்தது: “இன்னா கோவிந்தம்மா, கோழி டூட்டிக்குப் போவுதா? ஐடி கார்டு எங்க?”

மண்டலம் முடிந்தது. இரண்டு பெட்டைகளும் சித்தர் முன்னால் வந்தன. கயிறு கட்டியது குழம்புக்கு உரித்ததுபோல் நின்றது. மற்றதற்கு ஜாக்கெட்டைக் கழற்றினால், முதுகெல்லாம் புது இறகு!

“சேவலை ஒப்படைக்கவில்லை. அதனால் தோஷம் தங்கிவிட்டது” என்றார் சித்தர்.

“கரெக்டு சாமி. சேவல் இருந்தா தோஷம் இருக்குது, போனா போய்டுது. அப்ப கயிறு எதுக்கு?”

சித்தர் அவசரமாகத் தியானத்தில் இறங்கினார்.

ஐந்து சேவல் கொடுத்திருந்த சீனிவாசன் கொல்லைக்கு ஓடினான். அடுப்பில் அண்டா, மூலையில் எலும்புக் குவியல். “என் அஞ்சு சேவலும் இங்கதான் போச்சா!” என்று கத்திக்கொண்டு அவன் திரும்பியபோது ஆசனம் காலி.

மறுநாள் காலை பூர்ணிமா வீட்டு வாசலில் வரிசை. முதல் ஆள் சீனிவாசன். தட்டில் கற்பூரம்.

“ஜாக்கெட் அம்மா, எங்க கோழிக்கும் ஒண்ணு ஆசீர்வாதம் பண்ணிக் குடுங்க.”

“ஆசீர்வாதம் ஒண்ணும் இல்லண்ணே. பழைய துணி போதும், நீங்களே தச்சிக்கோங்க.”

“மந்திரம்?”

பூர்ணிமா தலையில் அடித்துக்கொண்டு கம்பெனி பஸ்ஸுக்கு ஓடினாள். அத்தனை பேரும் அவள் போன திசையைப் பார்த்துக் கும்பிட்டார்கள்.

தன் முதுகில் ஏறியவன் யாரென்று பெட்டைக்கு முதல் நாளே தெரியும். பாவம், அதற்குப் பேச்சு வராது. நமக்குப் பேச்சு வருகிறது, தலையும் இருக்கிறது. கும்பிடக் குனிவதற்கு முன் ஒரு தடவை தலையைத் திருப்பி, முதுகில் யாரென்றுதான் பாருங்களேன்!