சன்னாசியின் கஷாயம்

"குடிச்சிட்டீங்களா?" என்று அடுப்படியிலிருந்து காளியம்மா வினவியபோது, அவள் கணவர் சன்னாசி கஷாயக் குவளையும் கையுமாக வாழையடியில் குனிந்திருந்தார்.

"குடிச்சுக்கிட்டே இருக்கேன் லா" என்று விடையளித்துவிட்டு, அதனை வாழைக்கே வார்த்தார்.

தூதுவளை, ஆடாதொடை, மிளகு ஆகியவற்றைச் சுண்டக் காய்ச்சிய அக்கஷாயத்தின் கசப்பு, எமனையும் வாசலோடு திருப்பி அனுப்ப வல்லது. ஆயினும் மறுக்க வழியில்லை. வரும் தைப்பூசத்தில் ஈப்போ மலைக்கோயிலுக்குக் காவடி எடுப்பதாக அவர் வேண்டியிருந்தார். சிலிபின் என்னும் ஊரை அடுத்த ரப்பர்த் தோட்டத்தின் ஸ்டோரில் அமர்ந்தபடியே ரப்பர்ப் பாலை எடைபோட்டு வந்தமையால், தொந்தி முன்னே செல்ல, மூச்சு பின்னே வந்தது. பாதி வழியில் காவடியை இறக்கிவிட்டால் தோட்டமே நகைக்கும். காலையில் சற்று நடந்து வரும்படி மனைவி சொன்னதையோ, நடப்பது பாலெடுக்க மரம் வெட்டுபவர் வேலை என்று முன்னரே தட்டிக் கழித்திருந்தார்.

மறுநாள் காளியம்மா வாழையடியில் முறத்தோடு அமர்ந்து முருங்கைக்கீரை ஆயலானாள். சன்னாசி குவளையோடு ஓடைக்குச் சென்றார். அதற்கடுத்த நாள் அவள் அங்கே துணி துவைத்துக்கொண்டிருந்தாள்.

"ஆறட்டும், நடந்துக்கிட்டே குடிக்கிறேன்" என்று சமாளித்து, மூச்சிரைக்க மேட்டு லயம் எனும் தொழிலாளர் வீட்டு வரிசை வரை ஏறினார். அங்கே காளியம்மாவின் தோழி ராக்காயி வளர்த்த வெள்ளாடு இருமிக்கொண்டு நின்றது. குவளையை நீட்டினார். அது சொட்டு விடாமல் குடித்தது.

அன்றுமுதல் அதுவே வழக்கமாயிற்று. ஆனால் ருசி கண்ட ஆடு, நாளடைவில் தானே இறங்கி வந்து அவர் வீட்டு வாசலில் கத்தத் தொடங்கிற்று.

"இதுக்கு ஒங்ககிட்ட என்னா வேலை?" என்றாள் காளியம்மா.

"பாசமா இருக்கும்."

அதன்பின், ஆடு புறப்படுமுன் மேட்டை அடைந்துவிட வேண்டுமென்று, சன்னாசி விடியலில் ஓடவே ஆரம்பித்தார்.

தைப்பூசத்தன்று, தோளில் காவடி ஆட, மூச்சு வாங்காமல் கோயில் வாசலில் போய் நின்றார். தோட்டத்தார் வியந்தனர். கஷாயம் வீண்போகவில்லை என்று காளியம்மா பூரித்தபோது, அவருக்கு நெஞ்சு உறுத்தியது. ராக்காயியைத் தனியே அழைத்து, அத்தனையும் அவளுடைய ஆடு குடித்ததே என்று உண்மையை உரைத்து, மனைவியிடம் சொல்லிவிடாதே என்றும் கெஞ்சினார்.

ராக்காயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அது ஆட்டு இருமலுக்குக் காய்ச்சுனதுதானே அண்ணே; ஒங்களுக்கு மேடு ஏறுறதுதான் மருந்துன்னு காளியம்மா அக்கா காய்ச்சுன அன்னிக்கே சொல்லிட்டாங்களே."